யாருக்கும் வேண்டாம்

போன வாரம் மருமகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெரியவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். 'கல்நெஞ்சுக்காரி' என்று நாலைந்து வாசகர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் அவளை இந்தக் கதையை விட்டே துரத்தச் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். படுத்தாளே தவிர, அவள் தூங்கவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பெரியவள் இந்த வீட்டின் மூத்த மகள். அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலையை முடித்துக் கருவிப் பையை மூடிவிட்டு, "கொஞ்சம் உட்கார்றேன்" என்று படியில் உட்கார்ந்தவன் அப்படியே போய்விட்டான். நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வருடம்தான். அது சாகிற வயதா?

அவனுக்கு ஒரு பழக்கம். லிஃப்ட் போகும் கூண்டுக் குழிக்குள் நின்று பாடினால் குரல் கணீரென்று கேட்கும் என்று, வேலை முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடி ஃபோனில் பதிவு செய்துவைப்பான். அந்தப் பாட்டுகள், கல்யாணத்திலிருந்து எடுத்த படங்கள், அவன் எழுதியது, அவனுக்கு வந்தது எல்லாம் அவனுடைய இணையக் கணக்கில் இருக்கின்றன. அதைத் திறந்து தரும்படி அவன் மனைவி, அதாவது நம் மருமகள், அந்த நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் வந்தது. 'கணக்கு வைத்திருந்தவர் உயிரோடு இருந்தபோதே தன் முடிவைத் தெரிவித்திருக்கிறார். மறைவுக்குப் பிறகு என் கணக்கு: யாருக்கும் வேண்டாம், அழித்துவிடவும். அவர் விருப்பத்தை மீற எங்களுக்கு அதிகாரம் இல்லை.'

அழிக்கிற நாள் இன்று.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த விதியைக் கொண்டுவந்தவளே பெரியவள்தான். இணையம் எப்படி நடக்க வேண்டும், யார் யாரை வேவு பார்க்கலாம், யார் வாயை யார் அடைக்கலாம் என்று விதி எழுதுகிற சபைகள் இருக்கின்றன. அங்கே அரசாங்கத்து ஆட்கள் உண்டு, பெரிய நிறுவனங்களின் ஆட்கள் உண்டு. ஒன்றும் இல்லாத சாதாரண ஜனங்கள் சார்பில் ஓர் அமைப்பு வைத்துக்கொண்டு, அங்கே உட்கார்ந்து மல்லுக்கட்டுவதே இருபது வருடமாகப் பெரியவளின் பிழைப்பு. செத்தவர்களின் கணக்கை நிறுவனங்கள் இஷ்டத்துக்குத் திறந்த காலம் ஒன்று இருந்தது. 'செத்தவங்க திரும்பி வந்து சண்டை போட முடியாது, அதனால நான் போடறேன்' என்று வருடக்கணக்கில் போராடி, அவரவர் கணக்கை அவரவரே முடிவு செய்யலாம், அந்த முடிவைப் பெண்டாட்டி பிள்ளைகூட மாற்ற முடியாது, ஒன்றும் சொல்லாமல் போனவர்களின் கணக்கை யாருக்கும் திறக்கக் கூடாது என்று ஆக்கினாள்.

இன்று அதே சபையில் அந்த விதியைத் தளர்த்தும் தீர்மானம் வருகிறது. குடும்பத்தார் கேட்டால் திறக்கலாம் என்று. 'நீங்க அங்க வாயத் திறக்காம இருந்தா போதும் அண்ணி. இருப்பீங்களா?' இதுதான் மருமகள் கேட்ட கேள்வி.

இனி இன்றைய பொழுது.

காலையில் பெரியவள் எழுந்து வரும்போது அப்பா கூடத்தில் ஃபோனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனின் நம்பரைத் தினமும் அடிப்பார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொல்லும்.

"இந்தப் பொண்ணுக்கும் அலுக்கல, எனக்கும் அலுக்கல" என்றார். "நாங்க வேலை பார்த்தப்போ லைன் கிடைக்கலைன்னா 'கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க சார்'னு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுவோம். இவ அதுகூடச் சொல்ல மாட்டேங்கறா."

"வைங்கப்பா" என்றாள் பெரியவள்.

"வச்சுட்டு என்ன பண்ணச் சொல்றே?"

பெரியவள் சமையலறைக்குப் போனாள்.

மருமகள் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் பொருத்துகிறவள் அவள். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது அவளால்தான். ஒரு மாதமாக லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள். முகம் பாதியாகிவிட்டது. தட்டில் வைப்பதைக் கோழி மாதிரி கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

"ராத்திரி பதில் சொல்லாம போயிட்டீங்க."

பெரியவள் டீயை எடுத்துக்கொண்டாள். "அந்தத் தீர்மானம் வந்தாலும் நமக்கு உதவாதும்மா. ஏற்கெனவே முடிவு சொல்லிட்டுப் போனவங்களுக்கு அது பொருந்தாது. தெளிவா எழுதியிருக்கு."

"தெரியும். படிச்சேன்."

"அப்புறம் எதுக்கு என்னைப் பேசாம இருக்கச் சொல்றே?"

"நீங்க ஒரே ஒரு தடவை எனக்காகச் சும்மா இருந்தீங்கன்னு ஒரு நெனப்பு இருக்கும்ல அண்ணி. அதுக்குத்தான்."

சண்டை போட்டால் சமாளிக்கலாம். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? பெரியவள் தெரிந்த பாதையிலேயே போனாள். "அது அவனோட உரிமைம்மா. அவன் யோசிச்சு எடுத்த முடிவு. நாம மதிக்கணும்."

மருமகள் அடுப்பை அணைத்தாள். திரும்பவில்லை.

"உரிமையோடயா அண்ணி நான் குடும்பம் நடத்தினேன்? அவரோட தானே நடத்தினேன். பாட்டு வேணும், படம் வேணும்னெல்லாம் கேட்டேன். சரி, அது போகட்டும். ஒரு மனுஷன் பக்கத்துல பொண்டாட்டி படுத்திருக்கறப்போ, 'யாருக்கும் வேண்டாம்'னு அழுத்தியிருக்கார். யாருக்கும்னா அதுல நானும் தானே? என் பேர எழுத அவருக்கு மனசு வரல. ஏன் வரல? நான் என்ன பண்ணேன்? சாப்பிட உட்கார்ந்தா அதான் தொண்டையில நிக்குது."

எத்தனையோ மந்திரிகளைப் பேச்சில் மடக்கியவள் பெரியவள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அந்த நேரத்தில் அவளால் முடிந்தது டம்ளரைக் கழுவுவது ஒன்றுதான்.

வாசலில் அப்பா கேட்டார். "எங்க கிளம்பிட்டே?"

"கூட்டம்ப்பா."

"இல்லாத ஊருக்குப் போகாத வழி சொல்ற வேலை" என்று முனகினார் அப்பா. இருபது வருடமாக இதே முனகல்தான். தம்பி இருந்தால், "அப்பா, அந்த இல்லாத ஊர்லதான் நீங்க தினம் ரெண்டு மணி நேரம் ஃபோன்ல சீட்டு ஆடறீங்க" என்று மடக்கியிருப்பான். இப்போது மடக்க ஆளில்லாமல் அந்த வார்த்தை வாசலிலேயே நின்றது.

சபை கூடுகிற மண்டபத்தில் எப்போதும் குளிர். பெரியவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். பேச அழுத்தினால் அதன் கழுத்தில் சிவப்பு வளையம் எரியும். பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் தண்ணீர் குடித்துத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டெடுப்பு கிடையாது. கை தூக்குவது கிடையாது. விவாதம் முடிந்ததும் தலைவர், "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். யாரும் பேசாவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிடும். ஒரே ஒருவர் தக்க காரணத்தோடு மைக்கை அழுத்தினாலும் போதும், நின்றுவிடும். பெரியவள் அழுத்திய அழுத்தில் அவளுக்கு 'ஆட்சேபணை அம்மா' என்றே பெயர் வந்துவிட்டது. வீட்டில் தம்பியும் அப்படித்தான் கூப்பிடுவான். "ஆட்சேபணை மேடம், துவையலுக்கு உப்பு போடலாமா, ஆட்சேபணை உண்டா?" என்பான்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கெட்டவர் இல்லை. கல்லூரியில் படித்த மகளை இழந்தவர். ஒவ்வொரு கூட்டத்திலும் இவரை எழுந்து நின்று எதிர்த்தவள் பெரியவள். எதிர்த்துவிட்டு வெளியே வந்ததும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவர் குடித்ததும் உண்டு.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று வாத்தியார் ஆரம்பித்தார். "மறைவுக்குப் பிறகு என்ன செய்யணும்னு கேக்கற பக்கம் எப்படி இருக்கும்னு தெரியாதவங்க இங்க இருக்கலாம். முதல்ல அதைக் காட்டிடறேன். படம் நான் எடுத்தது இல்ல. நம்ம ஆட்சேபணை அம்மாவோட அமைப்பு பயிற்சிக்காகப் போட்டதையே எடுத்துக்கிட்டேன். அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தபடியே திரையைப் பார்த்தாள்.

மூலையில் அவள் அமைப்பின் சின்னம். நடுவில் கேள்வி. அதன் கீழே இரண்டு தேர்வுகள். 'குறிப்பிட்ட ஒருவருக்குக் கொடு.' 'யாருக்கும் வேண்டாம், அழித்துவிடு.' இரண்டாவதில் டிக் விழுந்திருந்தது. மேலே, கணக்கு யாருடையது என்று காட்டும் சின்ன வட்டத்தில், அதற்குள் அடங்காமல் ஒரு காது விடுபட்ட ஒரு முகம். பின்னால் லிஃப்ட் கம்பிகள்.

பெரியவளின் சிரிப்பு அப்படியே நின்றது.

அது ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வசதி அப்போதுதான் வந்திருந்தது. மறுநாள் பயிற்சி வகுப்பு. காட்டுவதற்கு ஒரு படம் வேண்டும். அவளுடைய கணக்கு இருந்த வேறு நிறுவனத்தில் அது இன்னும் வரவில்லை. தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "உன் ஃபோனைக் குடுடா" என்று வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, போராடி வாங்கிய தேர்வு அதுதானே என்று 'யாருக்கும் வேண்டாம்' மேல் அழுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். பழையபடி மாற்றி வைக்கவில்லை. மறந்துவிட்டாள்.

அழுத்தியவள் இவள். அவன் இல்லை.

அந்தப் படம் எத்தனை வகுப்பில் ஓடியிருக்கும்! வீட்டில் சாவு விழுந்த பிறகாவது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா என்றால், வந்திருக்கத்தான் வேண்டும். வரவில்லை. தினம் பார்க்கிற படத்தை யார் பார்க்கிறார்கள்? யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் அந்த மண்ணை இன்னொரு பெண்ணின் தட்டில் போட்டிருக்கிறாள். அந்தப் பெண் ஒரு மாதமாகச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

வாத்தியார் பேசிக்கொண்டிருந்தார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை. சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள்.

வெளியே நடைவழியில் நின்று ஒல்லியை ஃபோனில் கூப்பிட்டாள். ஒல்லி அவளிடம் உதவியாளனாக இருந்தவன். இப்போது தம்பியின் கணக்கு இருக்கும் நிறுவனத்தில் பயனர் உரிமைப் பிரிவின் பொறுப்பாளன். ஆள் நன்றாகப் பெருத்துவிட்டான், பெயர் மட்டும் மாறவில்லை. தம்பி போனதைக் கேள்விப்பட்ட நாளிலேயே, "அக்கா, நான் ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டான். "தெரிஞ்ச ஆளுன்னு சலுகை காட்டினா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றவள் இவள்.

"ஒல்லி, அந்தக் கணக்கை அழிக்காதே."

"அக்கா..."

"சலுகை கேக்கல. அந்தத் தேர்வு அவன் எடுத்தது இல்ல. பயிற்சிப் படத்துக்காக நான் அழுத்தினது. மாத்தாம விட்டுட்டேன். அவனுக்கு அதுல சம்பந்தமே இல்ல."

ஒல்லி அலுவலகக் குரலில் பேசினான். "எழுத்துல குடுங்கக்கா. உங்க பேர், எப்போ, எதுக்காக அழுத்தினீங்கன்னு எல்லாம். அது வந்தா அழிக்கறதை நிறுத்திவச்சு பதிவைச் சரிபார்க்கலாம். ஆனா இப்பவே வேணும். இன்னிக்கு அழிக்க வேண்டியதையெல்லாம் தொகுத்து அனுப்பிட்டிருக்காங்க. போயிருச்சுன்னா கையில இல்ல."

"இதோ அனுப்பறேன்."

"அக்கா, யோசிச்சுக்கோங்க. இந்த விதி இவ்வளவு நாள் நிக்கறதே, செத்தவங்க முடிவு அவங்களே எடுத்ததுங்கற நம்பிக்கையிலதான். அதைக் கொண்டுவந்தவங்களே அடுத்தவர் கணக்குல அழுத்தினாங்கன்னு வெளிய தெரிஞ்சா..."

"தெரியட்டும்."

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியே மண்டபம் தெரிந்தது. வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். தலைவர் மைக்கைக் கிட்டே இழுத்தார். வாயசைப்பைப் பார்த்தே பெரியவளுக்கு வார்த்தை தெரிந்தது. ஆட்சேபணை உண்டா?

தலைவர் அவளுடைய நாற்காலியைப் பார்த்தார். சால்வை மட்டும் கிடந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். நல்ல மனிதர். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள்.

உள்ளே போய் மைக்கை அழுத்த நாலு எட்டு. ஆனால் கடிதம் பாதியில் இருக்கிறது. பெரியவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று டைப் அடித்தாள். அவசரத்தில் எழுத்து தவறியது. திருத்தித் திருத்தி அடித்தாள். 'அந்தத் தேர்வை அழுத்தியது நான். கணக்கு வைத்திருந்தவர் அல்ல.' கீழே தன் முழுப் பெயரையும் பொறுப்பையும் போட்டாள். அனுப்பினாள்.

உள்ளே கைதட்டல் கேட்டது. இத்தனை வருடம் கட்டிக் காத்த விதி தளர்ந்துவிட்டது. அவள் அழவில்லை. அழுகிற நேரமா அது? ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நிறுத்திவைத்துவிட்டோம். பதிவைப் பார்க்கிறேன்.' அப்போதுதான் சுவரில் சாய்ந்தாள்.

வாத்தியார் அவளுடைய சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க எதிர்ப்பீங்கன்னு பதிலெல்லாம் தயார் பண்ணி வந்தேம்மா. ஏன் எழுந்து போயிட்டீங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். வீட்டு விஷயம். நீங்க ஜெயிச்சுட்டீங்க. சந்தோஷம்."

"ஜெயிச்சுட்டேன்" என்றார் வாத்தியார். அவள் கையில் சால்வையைக் கொடுத்தார். "என் பொண்ணு ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. அதனால இனிமே கேட்டா தருவாங்க. இத்தனை நாள் கிடைக்காதுன்னு அழுதேன். இப்போ திறக்கப் பயமா இருக்கும்மா."

அவர் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போக வேண்டும்.

மதியம் மூவரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தபோது பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். சபையில் பேசுகிற மாதிரி முன்னுரை, பின்னுரை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு, ஃபோன், படம். அழுத்தினது நான், மாத்தாம விட்டது நான், அவன் இல்லை.

மருமகள் கையில் கரண்டி இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ அவரு இல்லியா?"

"இல்லம்மா."

"அவரு அழுத்தல?"

"நான்தான் அழுத்தினேன். என்னை என்ன வேணா சொல்லு."

மருமகள் எழுந்து வந்தாள். அறையப்போகிறாள் என்றே பெரியவள் நினைத்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். மருமகள் அவள் தோளில் முகத்தை வைத்து, சத்தம் போட்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் இப்படி அழவில்லை. அன்றைக்கு மரம் மாதிரி நின்றாள்.

"பாவி" என்றாள் அழுகைக்கு நடுவே. "உங்களை நான் என்ன பண்றது? ஒரு மாசமா செத்துச் செத்துப் பிழைச்சேனே. கல்யாணத்துலேருந்து ஒவ்வொரு நாளா எடுத்துப் பார்த்தேன். எந்தச் சண்டைக்கு அவரு இப்படிப் பண்ணியிருப்பாருன்னு..." மேலே பேச முடியவில்லை. பிறகு ஈர முகத்தோடு சிரித்தாள். "நீங்களா? சே. நீங்கதானா?"

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், "ஊருக்கெல்லாம் கதவுக்குப் பூட்டு போடப் போனவ, நம்ம வீட்டுக் கதவைப் பூட்டிட்டு சாவியைத் தொலைச்சுட்டு வந்திருக்கா" என்றார். திட்டுதான். ஆனால் மகன் போன பிறகு அவர் சொன்ன முதல் நையாண்டி அது.

"அவன் என்ன பண்ணான் அப்போ?" என்று கேட்டார். "ஃபோனைப் பிடுங்கி எதையோ நோண்டறே. அவன் சும்மாவா இருந்தான்?"

"சாப்பிட்டுட்டிருந்தான்ப்பா. தட்டிலேருந்து தலையே தூக்கல. 'என்னத்தையோ அழுத்திக்கோ ஆட்சேபணை. என் பொண்டாட்டிகிட்ட எதை மறைச்சாலும் பாஸ்வேர்டே இல்லாம கண்டுபிடிச்சுருவா'ன்னான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படியா சொன்னாரு?"

"அப்படியேதான் சொன்னான்."

அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். அப்பாவும் பெரியவளும் அவள் சாப்பிடுவதையே பார்த்தார்கள். பார்க்காத மாதிரியும் காட்டிக்கொண்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒல்லி கூப்பிட்டான். பெரியவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கீழே தெருவில் சைக்கிள் பழகுகிற குழந்தைகளின் சத்தம்.

"அக்கா, முன்னாடியே உங்களுக்குச் சொல்றது தப்புதான். ஆனா மனசு கேக்கல."

"சொல்லு."

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நீங்க அழுத்தினது பதிவுல இருக்கு. ஆனா அது அன்னிக்கு ஒரு நாள்தான் இருந்திருக்கு. மறுநாளே அவர் மாத்திட்டார். மனைவி பேரைப் போட்டிருக்கார்."

பெரியவளுக்கு மூச்சு வந்தது. "அப்போ அவ பேர்தானே இருக்கணும்? குடுத்துட வேண்டியதுதானே?"

"போன வருஷக் கடைசி வரைக்கும் அந்தப் பேர்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் எடுத்துட்டார்."

"யாரு?"

"அவரேதான் அக்கா. பேரை எடுத்துட்டு 'யாருக்கும் வேண்டாம்' போட்டிருக்கார். இப்பல்லாம் கைரேகை வச்சாத்தான் அந்தப் பக்கமே திறக்கும். உறுதியான்னு ரெண்டு தடவை கேக்கும். ரெண்டு தடவையும் ஆமான்னு அழுத்தியிருக்கார்."

பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

தம்பி அவளிடம் எதையும் மறைத்ததில்லை என்று நினைத்திருந்தாள். போன வருஷக் கடைசி. அப்போது அவன் எப்படி இருந்தான்? வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான், கேலி பேசினான், போனான். அவள் எப்போதும்போல லேப்டாப்பைப் பார்த்தபடி ம் கொட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ஏதாவது இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டாள்.

"கணக்கை?"

"இன்னிக்கு ராத்திரி அழிஞ்சுரும் அக்கா. அது அவரோட முடிவு. நீங்களே தடுக்க மாட்டீங்க."

தடுக்க வாயெடுத்தாள் என்பதுதான் உண்மை. எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு" என்றான் ஒல்லி. குரல் இறங்கிவிட்டது. "விண்ணப்பம் போட்டது அவர் மனைவி. அதனால முழு விவரத்தோட காலையில அவங்களுக்கு லெட்டர் போயிரும். அவங்க பேர் இருந்தது, எப்போ எடுத்தார், எல்லாம் இருக்கும். காரணம் சொல்லாம எந்த வீட்டுக்கும் இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே அக்கா சண்டை போட்டு வாங்கினீங்க."

"ஆமா" என்றாள் பெரியவள். "நான்தான்."

"காலைக்குள்ள நீங்களே அவங்ககிட்ட..."

"சரி. வச்சுரு."

கதவைத் திறந்து உள்ளே வந்தாள். கூடத்தில் விளக்கு எரிந்தது. மருமகள் தம்பியின் மூக்குக் கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு, கடையில் துடைக்கிற மாதிரி துணி நுனியால் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள். நாளைக்குக் கடைக்குப் போகப் போவதாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு முந்தைய முகம் திரும்ப வந்திருந்தது.

"ஆஃபீஸா அண்ணி? என்னவாம்?"

"காலையில லெட்டர் வருமாம்."

"வரட்டும். பாட்டு கிடைச்சா கிடைக்கட்டும், கிடைக்காட்டி போகட்டும்." கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "அவரு என்னை ஒதுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. எனக்கு அது போதும். அதுக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம்."

பெரியவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏன் நிக்கறீங்க? உட்காருங்க." மருமகள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். சின்னப் பிள்ளை கதை கேட்கிற மாதிரி காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். "மதியம் அழுகையில சரியா கேக்கல. நீங்க ஃபோனை வாங்கினீங்க, அழுத்தினீங்க. அப்போ அவரு என்ன சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்லேருந்து."

பெரியவள் உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தட்டிலிருந்து நிமிராமல் தம்பி சொன்னதை, அவன் பேசுகிற மாதிரியே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.